புல்வெளியாய்ப் போன முற்றங்கள்

ஐந்நூறு ரூபாய் நோட்டைத் திருப்பினால் செங்கோட்டை தெரியும். 2016 நவம்பரில் வந்த அந்தப் புதிய நோட்டில் அச்சாகியிருப்பது கோட்டையின் மேற்கு முகம்: லாகூர் வாசலும் அதன்மேல் பறக்கும் தேசியக் கொடியும். ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி காட்டுவதும் இதே முகத்தைத்தான். செங்கோட்டையைப் பார்க்காத இந்தியர் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் பார்த்திருப்பது மதிலை. டெல்லி, ஆக்ரா சுற்றுலாவில் டிக்கெட் வாங்கி உள்ளே போய்வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: வெளியே பார்த்தால் பிரம்மாண்டம், உள்ளே ஒன்றுமில்லை. விரிந்த புல்தரை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மண்டபங்கள், தண்ணீரில்லாத பளிங்கு வாய்க்கால், நடுவில் எதற்கென்றே புரியாத நெட்டை நெட்டையான வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள். வரலாறு படித்தவர்கள் இந்தப் பதிலைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பயணிக்கு ரசனை போதாது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பயணி சரியாகவே பார்த்திருக்கிறார். செங்கோட்டைக்குள் இருக்கும் வரலாற்றுச் சான்றுகளில் மிகப் பெரியது அந்த வெறுமைதான். அது எப்படி வந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மிஞ்சியிருக்கும் சில மண்டபங்களே அரண்மனை என்று நம்பவைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஏமாற்றம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

முகலாயப் பேரரசர் ஷாஜகான் தலைநகரை ஆக்ராவிலிருந்து டெல்லிக்கு மாற்ற முடிவு செய்து, 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியக் கட்டடக்கலையைப் பற்றி விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் தரும் கணக்கின்படி, வாசல்களின் புறநீட்சியைச் சேர்க்காமல், கிழக்கு மேற்காக 1,600 அடி, வடக்கு தெற்காக 3,200 அடி. இவ்வளவு பெரிய பரப்பைக் கட்டியவர்கள் அதைத் திறந்த வெளியாக விடவில்லை. முற்றம் முற்றமாகப் பிரித்திருந்தார்கள். சாந்தினி சௌக்கிலிருந்து வருகிறவர் லாகூர் வாசலில் நுழைந்து, கூரை வேய்ந்த அங்காடித் தெருவான சட்டா சௌக்கைக் கடந்தால் ஒரு முற்றம். அதன் எதிர்முனையில் நௌபத் கானா என்ற முரசு மண்டபம். அரச குடும்பத்தார் தவிர மற்றவர்கள் அங்கே யானையையோ குதிரையையோ விட்டு இறங்கியாக வேண்டும். அதைத் தாண்டினால் நாற்புறமும் தூண் வரிசைகள் சூழ்ந்த அடுத்த முற்றம். அதன் கிழக்கே பொதுச்சபையான திவானே ஆம். அதற்கும் பின்னால், இன்னும் சில சுவர்களும் வாயில்களும் கடந்த பிறகுதான் யமுனைக் கரையோரமாக வரிசையாய் நின்ற பளிங்கு மாளிகைகள்: ஆலோசனைச் சபையான திவானே காஸ், மன்னரின் காஸ் மகால், அந்தப்புரத்தின் ரங் மகால், மும்தாஜ் மகால், குளியல் மாளிகையான ஹம்மாம். இவற்றின் நடுவே ஓடியது சொர்க்கத்தின் நதி என்று பெயரிட்ட வாய்க்கால். வடக்கே ஹயாத் பக்ஷ் தோட்டம், அதன் மேற்கே நிலவொளித் தோட்டமான மஹ்தாப் பாக். தெற்கே அந்தப்புரத்தின் எண்ணற்ற கட்டடங்கள். அரண்மனையின் அந்தரங்கப் பகுதி மட்டுமே ஐரோப்பாவின் எந்த அரண்மனையையும்விட இருமடங்குப் பரப்பு என்பது ஃபெர்குசனின் மதிப்பீடு.

இந்த அமைப்பில் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வேலை இருந்தது. யார் எதுவரை வரலாம் என்பதை அவை வரையறுத்தன. மன்னரின் மதிப்பு அவர் அமர்ந்த மயிலாசனத்தில் பாதி என்றால், அதை அடையக் கடக்க வேண்டிய வாசல்களின் எண்ணிக்கையில் மீதி. ஔரங்கசீப் காலத்தில் டெல்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே இதை உள்ளிருந்து பார்த்து எழுதியவர். பொதுச்சபையில் மன்னருக்கு மிக அருகே வெள்ளிக் கிராதி போட்ட இடம் பெரும் பிரபுக்களுக்கு; அதைவிடத் தாழ்ந்தவர்கள் தள்ளித் தள்ளி, கடைசியில் சாதாரணக் குடிமக்கள் முற்றத்தில் என்று இட ஒழுங்கு இருந்ததை அவர் விவரிக்கிறார். அவருக்கே நேர்ந்த இன்னொன்று இதைவிடத் தெளிவானது. அந்தப்புரத்தில் நோயுற்ற ஒரு பெண்ணுக்கு வைத்தியம் பார்க்க அவரை அழைத்தபோது, தலையிலிருந்து கால்வரை தொங்கும் காஷ்மீர சால்வையால் மூடி, ஒரு திருநங்கைப் பணியாளர் கையைப் பிடித்து, கண்ணில்லாதவரை நடத்திப் போவதுபோல உள்ளே கூட்டிப்போனார்கள். ஆகவே அந்தப்புரத்துக்குள் காலெடுத்துவைத்த அந்த அரிதான ஐரோப்பியரால் அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் எழுத முடியவில்லை. இன்றைய பயணி அதே இடத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் நிற்பதில் தவறில்லை. மன்னர் போய்விட்டார், மக்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நிற்பது ஒரு காலத்தில் எவ்வளவு நடக்க முடியாத காரியம் என்பதைச் சொல்வதற்கு ஒரு சுவர்கூட அங்கே இல்லை.

சுவர்கள் தாமாக விழவில்லை. சிப்பாய்க் கிளர்ச்சியில் கைவிட்டுப் போன டெல்லி 1857 செப்டம்பரில் மீண்டும் பிரிட்டிஷார் கையில் விழுந்ததும் கோட்டை ராணுவத்தின் வசமானது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் ஹுமாயூன் கல்லறையில் பிடிபட்டு, 1858 ஜனவரி 27 முதல் மார்ச் 9 வரை தன்னுடைய திவானே காஸிலேயே குற்றவாளியாக நிறுத்தப்பட்டு, பிறகு ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு 1862இல் அங்கேயே இறந்தார். அவர் போன பிறகு வந்த ஆண்டுகளில் கோட்டையின் உட்புறக் கட்டடங்களில் பெரும்பகுதியை, பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீட்டின்படி ஐந்தில் நான்கு பங்கை, இடித்துத் தள்ளினார்கள். அந்தப்புரத்தின் தென்பகுதி முழுவதும் போயிற்று. மஹ்தாப் பாக் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. திவானே ஆமின் முற்றத்தைச் சூழ்ந்த தூண் வரிசைகளும், நௌபத் கானாவை இருபக்கமும் தாங்கிய கட்டடங்களும் போயின. அந்த இடத்தில் எழுந்தவைதான் அந்த நெட்டைக் கட்டடங்கள், படைவீரர்களுக்கான பாரக்ஸ். ஏகாதிபத்தியத்தின் எதிரி என்று யாரும் சொல்ல முடியாத ஃபெர்குசனே 1876இல் இதைக் கொதிப்போடு கண்டித்தார். இடித்ததைவிட, இடிப்பதற்கு முன் ஒரு வரைபடமாவது எடுத்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் அவருடைய பெரிய ஆத்திரம். அவர் தம் நூலில் வெளியிட்ட அரண்மனை வரைபடம்கூட அவரிடம் இருந்த ஓர் இந்தியர் வரைந்த படத்தை வைத்துச் செய்ததே.

இடிப்பு மதிலுக்குள் நின்றுவிடவில்லை. பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்பதற்காகக் கோட்டைக்கு வெளியே ஏறக்குறைய 400 மீட்டர் தூரம்வரை இருந்த வீடுகளையும் கடைகளையும் தரைமட்டமாக்கினார்கள். ஷாஜகானின் மனைவியருள் ஒருவர் கட்டிய அக்பராபாதி மசூதியும் அதில் போயிற்று. ஜாமா மசூதிக்கும் கோட்டைக்கும் நடுவே இன்று நாம் மைதானம் என்று நினைக்கும் வெளி, நகரத்தின் நெருக்கமான பகுதிகளுள் ஒன்றாக இருந்த இடம். சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கி மதிலின் முழு நீளத்தையும் ஒரே பார்வையில் படம் பிடிக்க முடிகிறது என்றால், அதற்கு முதல் காரணம் ஷாஜகானின் கட்டடக் கலைஞர்கள் என்பதைவிட 1857க்குப் பிந்தைய ராணுவப் பொறியாளர்கள் என்பதே பொருத்தம்.

அப்படியென்றால் மிஞ்சியவை எப்படி மிஞ்சின? அழகானவற்றை விட்டுவைத்தார்கள் என்பது பாதி உண்மை. பயன்பட்டதால் பிழைத்தவையும் உண்டு. மும்தாஜ் மகால் சிறையாயிற்று. திவானே ஆம் மருத்துவமனையாயிற்று. ரங் மகாலில் சாப்பாட்டுக்கூடம் நடந்தது. பிழைத்த கட்டடங்களுக்குள்ளும் பெயர்க்க முடிந்ததைப் பெயர்த்தார்கள். திவானே ஆமில் அரியணை மாடத்தின் பின்சுவரில் பறவைகளும் பூக்களுமாக வண்ணக்கல் பதித்த பலகைகள் இருக்கின்றன. உச்சியில் யாழ் மீட்டும் ஆர்ஃபியஸ், சுற்றிலும் கேட்டு மயங்கும் விலங்குகள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து வேலை. ஜான் ஜோன்ஸ் என்ற ராணுவ அதிகாரி இவற்றில் பலவற்றைப் பிடுங்கிக்கொண்டுபோய் பிரிட்டிஷ் அரசுக்கே 500 பவுனுக்கு விற்றார். அவை லண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது அவற்றைத் திரும்பப் பெற்றார். மெனெகாட்டி என்ற பிளாரன்ஸ் கலைஞர் வந்து 1909இல் பழைய இடத்தில் பொருத்திச் செப்பனிட்டார். இன்று பயணி அண்ணாந்து பார்க்கும் அந்தச் சுவர், பதினேழாம் நூற்றாண்டின் சுவர் மட்டும் அன்று. கொள்ளையும் அதற்குச் செய்த பிராயச்சித்தமும் சேர்ந்த சுவர். இதைச் சொன்னால் அந்த ஆர்ஃபியஸின் கவர்ச்சி கூடுமே தவிரக் குறையாது.

அந்தப் பிராயச்சித்தத்தின் இன்னொரு பகுதிதான் புல்வெளி. கர்சன் காலத்தில் தொடங்கி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்த 1911 தர்பாருக்கு முன்னதாகக் கோட்டையைச் சீர்படுத்தியபோது, தேவையற்ற ராணுவக் கொட்டகைகள் சிலவற்றை அகற்றி, தோட்டங்களை ஓரளவு மீட்டு, வெற்றிடங்களில் புல் வளர்த்தார்கள். தர்பாரின்போது ஜார்ஜும் ராணி மேரியும், முகலாய மன்னர்கள் ஆற்றங்கரையில் கூடிய மக்களுக்குத் தரிசனம் தந்த அதே உப்பரிகையில் உட்கார்ந்து காட்சியளித்தார்கள். இடித்தவர்களே வாரிசாக வந்து உட்கார்ந்த நேரம் அது. சீர்படுத்திய தொல்லியல் அதிகாரிகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை; அவர்கள் இல்லாவிட்டால் இன்னும் பல மண்டபங்கள் போயிருக்கும். ஆனால் இடிபாட்டின் மேல் புல் வளர்ந்ததும் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. இடித்த இடம் இடித்த இடமாகத் தெரியாமல் பூங்காவாகத் தெரிய ஆரம்பித்தது. முகலாயர்கள் தோட்டப் பிரியர்கள் என்று பள்ளியில் படித்திருக்கும் பயணி, இந்தப் புல்தரையும் அவர்கள் போட்டதே என்று நினைத்துக்கொள்கிறார். அழிவின் அடையாளத்தையே அழித்துவிட்ட அழகுபடுத்தல் இது.

இதனால் பயணியின் நடை எப்படி மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். லாகூர் வாசல், சட்டா சௌக், நௌபத் கானா, திவானே ஆம், கரையோர மாளிகைகள் என்று அவர் போகும் வழி ஏறக்குறைய பழைய சடங்கு வழியேதான். ஆனால் நௌபத் கானாவைத் தாண்டியதும் எதிரே, வலம், இடம் எல்லாம் ஒரே வீச்சில் தெரிந்துவிடுகிறது. ரேழி, கூடம், தாழ்வாரம் என்று அடுத்தடுத்துப் போன பெரிய வீட்டின் சுவர்களையெல்லாம் எடுத்துவிட்டு ஊஞ்சலையும் சாமி மாடத்தையும் மட்டும் வெட்டவெளியில் நிறுத்தியதுபோல, மண்டபங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிற்கின்றன. திவானே ஆமின் தூண்கள் சிவப்புக் கல்லாகத் தெரிகின்றன. அவை ஒரு காலத்தில் பளிங்கோ என்று மயங்கும்படி மெருகேற்றிய வெண்சுண்ணச் சாந்து பூசி, பொன் வேலை செய்தவை. கோட்டை முழுவதும் சிவப்பு என்ற எண்ணம், சாந்து உதிர்ந்த பிறகு நமக்கு வந்தது.

காஸ் மகாலில் இருக்கும் ஒரு பளிங்குத் திரையைச் சற்று நின்று பார்க்கலாம். மெல்லிய கல் பலகையில் துளையிட்டுச் செய்த சல்லடை. அதன் மேற்பகுதியில் பிறைகளும் விண்மீன்களும் சூழ நீதியின் தராசு. திரையின் அடியில் வாய்க்கால் நுழைந்து மறுபுறம் போகும்படி வழி விட்டிருக்கிறார்கள். தராசுக்குக் கீழே தண்ணீர் ஓடும், மறுபக்கத்து வெளிச்சம் சல்லடை வழியாக அந்தத் தண்ணீரில் விழும் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை. மன்னரின் நீதி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தடையின்றிப் பாயும் என்பதைக் கல்லிலும் நீரிலும் சொல்ல முயன்றிருக்கிறார்கள். அந்தச் செய்தி யாருக்கு? இந்த அறைவரை வர முடிந்த மிகச் சிலருக்கு. நீதி எல்லோருக்கும் என்று சொல்லும் சிற்பத்தை யாரும் வர முடியாத இடத்தில் வைத்திருந்தார்கள் என்ற முரண், சுவர்கள் இருந்த காலத்தில்தான் உறைக்கும். சுவரில்லாத இன்று அது ஓர் அழகான திரை, அவ்வளவே.

ஒப்பிட்டுப் பார்க்க இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை இருக்கிறது. அதுவும் பேரரசின் தலைமை மாளிகை, அதுவும் முற்றங்களின் வரிசை. உஸ்மானியப் பேரரசு முடிந்து 1924இல் அருங்காட்சியகமானபோது முற்றங்களும் வாசல்களும் இடத்திலேயே இருந்தன. இன்றும் அங்கே போகும் பயணி பேரரசு வாசலில் நுழைந்து, முதல் முற்றத்தைக் கடந்து, சுல்தானைத் தவிர மற்றவர்கள் குதிரையை விட்டு இறங்கிய இரண்டாம் வாசலைக் கடந்து, பிறகு மூன்றாம் வாசலில் நிற்கிறார். கூட்டம் நெரிக்கிறது, வழிகாட்டிகளின் சத்தம் காதைப் பிளக்கிறது என்றாலும் உள்ளே போகப் போக இடம் சுருங்குவதையும் அதிகாரம் நெருங்குவதையும் கால்களே அவருக்குச் சொல்லிவிடுகின்றன. ஒரு பலகைகூடப் படிக்க வேண்டியதில்லை. செங்கோட்டையில் கால்களால் கற்க முடிந்த பாடம் போய்விட்டது. அதனால்தான் இங்கே வார்த்தையாலும் வரைகோட்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. பழியையெல்லாம் 1857இன் மேல் போடுவது நியாயமா? 1739இல் நாதிர் ஷா மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 1760இல் மராத்தியர்கள் திவானே காஸின் வெள்ளிக் கூரையை உரித்து உருக்கினார்கள். 1788இல் குலாம் காதிர் இரண்டாம் ஷா ஆலமின் கண்களைப் பிடுங்கியது இதே கோட்டைக்குள்தான். 1824 கடைசியில் வந்த பிஷப் ஹீபர், பொதுச்சபை மண்டபத்தில் உடைந்த பல்லக்குகளும் காலிப் பெட்டிகளும் குவிந்து கிடந்ததையும், அரியணை மாடத்தின் வேலைப்பாடு தெரியாத அளவுக்குப் புறா எச்சம் மூடியிருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். கடைசி முகலாயர்களின் உறவுக்காரர்களான சலாத்தீன்கள் ஏராளமானோர் கோட்டைக்குள் குடிசைகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் அடைந்து கிடந்தார்கள். இடிந்துகொண்டிருந்ததைத்தான் ஆங்கிலேயர் இடித்தார்கள் என்று சொல்ல முடியாதா?

இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்றாகாது. கொள்ளையடித்தவர்கள் எடுத்துப்போனது பொன்னையும் வெள்ளியையும் கல்லையும். அமைப்பு அப்படியே நின்றது. புறா எச்சம் படிந்த முற்றமும் முற்றமே. நௌபத் கானாவில் இறங்க வேண்டும் என்ற விதி, மன்னரின் ஓய்வூதியத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலும் வழக்கில் இருந்தது. சலாத்தீன்களின் குடிசைகள்கூட அந்த அமைப்பின் பகுதிதான்: அரச ரத்தம் வெளியே போய்க் கலகம் செய்துவிடாமல் மதிலுக்குள் அடைத்துவைத்த ஏற்பாடு. வறுமையில் நொடித்த அரண்மனை என்பது வேறு, அரண்மனை இல்லாத கோட்டை என்பது வேறு. முந்தையதை, டெல்லி கம்பெனியின் கைக்குப் போன 1803 முதல் 1857வரை பார்த்தோம். பிந்தையது 1857இன் விளைவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த வாதத்தைச் சொல்லக் கூடாது. 1857 மே 16 அன்று கோட்டைக்குள் கைதிகளாக இருந்த ஐரோப்பியர் ஏறக்குறைய ஐம்பது பேரை வெட்டிக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நான்கு மாதம் கழித்துக் கோட்டைக்குள் நுழைந்த படையின் மனநிலை அந்த நினைவோடு வந்தது. இடிப்பில் ராணுவக் கணக்கும் இருந்தது, பழிவாங்கலும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. பயணியிடம் இரண்டையும் சொல்லிவிடலாம், அவர் குழந்தை அல்லர்.

அப்படியானால் பாரக்ஸை இடித்துத் தள்ளிவிட்டு முற்றங்களை மறுபடி கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உணர்ச்சிக்கு இது இனிக்கும். ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் 1857க்குப் பிந்தைய இன்னொரு வரலாறு குடியேறிவிட்டது. 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் விசாரித்த ராணுவ நீதிமன்றம் கூடியது இந்தக் கோட்டைக்குள், ஒரு படைக் கட்டடத்தில். அவர்களுக்காகப் பூலாபாய் தேசாய் வாதாடினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கறிஞர் அங்கியை மாட்டிக்கொண்டு நேரு வந்து உட்கார்ந்தார். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர் என்று மூவரை ஒரே கூண்டில் நிறுத்தியதால் நாடு முழுவதும் ஒன்றாகக் கொந்தளித்தது. இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதே ராணுவத்தில் இருந்த, சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி 1947இல் மணந்துகொண்டது இந்த வழக்கில் நின்ற பிரேம் சேகலைத்தான். ஆகவே இந்தப் பாரக்ஸ் தமிழருக்கும் அந்நியம் அன்று. 1948இல் காந்தி கொலை வழக்கு நடந்ததும் இந்தக் கோட்டையில்தான். பாரக்ஸை இடித்தால் முகலாய அரண்மனை திரும்பி வராது. கடைசி முகலாயரை விசாரித்த இடத்துக்கும் கடைசி ஏகாதிபத்திய விசாரணை நடந்த இடத்துக்கும் நடுவே சில நிமிட நடைதான் என்ற, உலகில் வேறெங்கும் காண அரிதான நெருக்கம் மட்டும் போய்விடும். 2019 ஜனவரியில் பாரக்ஸ் சிலவற்றை அருங்காட்சியகங்களாக மாற்றியது இந்த வகையில் நல்ல முடிவு. ஆனால் உள்ளே மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு, தான் நின்ற கட்டடத்தின் அடியில் என்ன இருந்தது என்பது தெரிகிறதா என்பதே கேள்வி.

சுதந்திர இந்தியாவும் இந்த வெறுமைக்குத் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு இங்கே கொடியேற்றியது முதல், ஆண்டுதோறும் பிரதமர் நிற்பது மேற்கு மதில்மேல், நகரத்தைப் பார்த்து, கோட்டைக்கு முதுகைக் காட்டி. அதுவும் ஔரங்கசீப் பிறகு சேர்த்த முன்னரண் இருக்கும் வாசல் பக்கம்; மணப்பெண்ணின் முகத்தில் திரை போட்டுவிட்டாயே என்று சிறையிலிருந்த ஷாஜகான் மகனுக்கு எழுதியதாக ஒரு கதை இதைப் பற்றி உண்டு. நமக்குத் தெரிந்தது அந்தத் திரையை மட்டுமே. உள்ளே, பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன இடத்தில் இந்திய ராணுவம் உட்கார்ந்தது. 2000 டிசம்பரில் பயங்கரவாதிகள் உள்ளே புகுந்து சுட்டபோது அது இயங்கும் ராணுவ முகாம். 2003 டிசம்பரில்தான் ராணுவம் வெளியேறி இந்தியத் தொல்லியல் துறையிடம் கோட்டையை ஒப்படைத்தது. யுனெஸ்கோ 2007இல் பக்கத்துச் சலீம்கட் கோட்டையையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2018இல் ஒரு தனியார் குழுமம் வசதிகளைப் பராமரிக்க ஒப்பந்தம் போட்டபோது பெரிய சர்ச்சை கிளம்பியது; கழிப்பறை, குடிநீர், விளக்கு பற்றியெல்லாம் பேசினோம். அவை வேண்டும்தான். ஆனால் அந்தச் சர்ச்சையில்கூட, உள்ளே எதை அரண்மனை என்று காட்டுகிறோம் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. ஒலியும் ஒளியும் கொண்டு வெறுமையை நிரப்பும் காட்சிகள் வந்திருக்கின்றன. இரவில் அவை கண்ணைப் பறிக்கலாம். பகலில் வரும் பயணிக்குப் புல்தரை பழைய புல்தரையாகவே கிடக்கிறது.

பயணி பொழுதுபோக்க வருகிறார், அவரிடம் போய் இடிப்பு, இழப்பு என்று பாடம் நடத்துவானேன் என்றும் கேட்கலாம். குடும்பத்தோடு வந்து நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போக அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்று குறைப்பட்டவரும் அவரேதான். வெற்றிடம் இருப்பதை அவர் கண்டுகொண்டார், ஏன் என்று கேட்கிறார், பதில்தான் இல்லை. செய்ய வேண்டியது எளிது. இடிந்த முற்றங்களின் சுவர்க்கோடு எங்கே ஓடியதோ அங்கே தரைமட்டத்தில் கல் பதித்துக் காட்டலாம். அடுத்த முற்றத்துக்குள் நுழையும் இடத்தில் இங்கே ஒரு வாசல் இருந்தது, இதற்கு அப்பால் இன்னார் மட்டும் போகலாம் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். புல்லைப் பிடுங்க வேண்டியதில்லை, எதையும் புதிதாக எழுப்ப வேண்டியதில்லை. கற்பனையாகக் கட்டியெழுப்பும் பொய் அரண்மனையைவிடத் தரையில் போட்ட ஒரு கோடு நேர்மையானது. அதைத் தாண்டும்போது பெர்னியேயின் சால்வை ஒரு கணமாவது ஞாபகத்துக்கு வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் கோட்டையின் கோட்டைப் போடுவது? 1648இல் ஷாஜகான் குடியேறிய நாளின் ஒழுங்கான அரண்மனையையா, 1857 மே மாதத்தில் இருந்த நெரிசலான அரண்மனையையா? சுற்றுலாத் துறையைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வார்கள், அது அழகானது. நான் இரண்டாவதன் பக்கம். காரணம் முதலில் சான்று. 1846இல் மஸ்ஹர் அலி கான் என்ற டெல்லி ஓவியர் லாகூர் வாசலின் மேல் நின்று சுற்றிலும் தெரிந்த எல்லாவற்றையும் ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளப் படமாக வரைந்திருக்கிறார். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கோட்டையின் உட்புறம்: முற்றங்கள், மதில்கள், மரங்கள், பளிங்கு மாடங்களுக்கு நடுவே ஒட்டுக்கூரைகள். இடிப்பதற்கு முன் வரைபடம் எடுக்கவில்லை என்று ஃபெர்குசன் வருந்திய அதே இடத்தை, 1857க்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முகலாய ஓவியர் தளம் தளமாகப் பதிந்துவைத்திருக்கிறார். 1648இன் அரண்மனைக்கு இத்தகைய கண்சாட்சி நம்மிடம் இல்லை. இரண்டாவது காரணம், இடிக்கப்பட்டது அந்தக் கோட்டைதான் என்பது. ஷாஜகானின் கனவு அரண்மனையைக் கோடு போட்டுக் காட்டினால், இடிபட்டது ஏதோ கனவு என்று ஆகிவிடும். சலாத்தீன்கள் ஒண்டியிருந்த குடிசை வரிசைகளையும் சேர்த்து, அழகு பார்க்காமல், கல் பதிக்க வேண்டும்.